புள்ளிராஜாவும் என் சிநேகிதனும்

இந்தப் பதிவு ரொம்ப நாளா டிராஃப்டில் தூங்கிக்கிட்டு இருந்தது. எழுதுறதா வேணாமான்னு ஒரு தயக்கம். சம்பந்தப்பட்ட சிநேகிதன்கிட்டயே கேட்டேன். "எழுதுடா, என் பேரை மட்டும் போடாத"ன்னான். பேரை மட்டுமில்ல, ஆளைக் காட்டிக்கொடுக்கிற சில விவரங்களையும் மாத்தியிருக்கேன். கொஞ்சம் நீளமான சரித்திரப் பதிவு, பொறுமையா படிங்க மக்களே.

2003-ஆம் வருஷம் ஞாபகம் இருக்கா? தமிழ்நாடு பூரா சுவத்துலயும் பஸ் முதுகுலயும் ஒரே கேள்வி. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" யாரு புள்ளிராஜா, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. எங்க காஞ்சிபுரத்துல ராஜான்னு பேர் வெச்சவனெல்லாம் வெளிய தலைகாட்ட முடியல. டீக்கடையில உக்காந்தா பின்னாலேர்ந்து ஒரு குரல் வரும், "இன்னா ராஜா, வருமா வராதா?" தமிழ்ல எந்த விளம்பரமும் அந்த அளவுக்கு ஊர் வாயில விழுந்ததா எனக்குத் தெரியல.

அந்த வைகாசியில வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம். மூணாம் நாள் கருட சேவை. விடியக்காலை கோபுர வாசல் தரிசனத்துக்காக முந்தின ராத்திரியே சின்ன காஞ்சிபுரம் நிரம்பிடும். தூங்கிறவன் தூங்க, சுத்துறவன் சுத்த, ஊரே முழிச்சிருக்கிற ராத்திரி. (பெருமாளை இதுல இழுக்கல, கூட்டத்தைத்தான் சொல்றேன்.) அடுத்த வாரம் பிள்ளையார்பாளையத்துல அவன் வீட்டு மொட்டை மாடி. கீழ தறிச் சத்தம். சிநேகிதன் திடீர்னு கேட்டான்.

"டேய், புள்ளிராஜாவை விடு. எனக்கு வருமாடா?"

விஷயம் இதுதான். அந்த ராத்திரி வெளியூர்லேர்ந்து வந்த ஒருத்தரோட பழக்கம் ஆகி, ஒரு லாட்ஜ் ரூம் வரைக்கும் போயிருக்கு. ஒரே தடவை. அதுக்கப்புறம் அந்த ஆளைப் பார்க்கல. "பொண்ணு இல்லடா"ன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அப்ப நான் சொன்ன பதில் இருக்கே, இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் அது என்னை உறுத்துது. "பொம்பளைகிட்ட போனாத்தானே வரும்? ஆம்பளைன்னா ஒண்ணும் ஆகாது, போடா." ஆறுதலா சொன்னேன். நம்பியும் சொன்னேன். பி.எஸ்ஸி. படிச்சவன் வேற!

அந்த மடத்தனம் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று பிற்பாடு படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. அதற்கு ஒரு நூறு வருஷத்து வம்சாவளி இருக்கிறது.

பால்வினை நோய்க்கு நம்ம ஊர்ப் பழைய பேர் மேகநோய். அதிலே ஒன்று பறங்கிப்புண். சிஃபிலிஸ்தான். பறங்கிக்காரன் கொண்டு வந்தது என்று பேரிலேயே பழியைப் போட்டாயிற்று. அதற்குக் கொடுத்த பறங்கிப்பட்டை இன்றைக்கும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. பறங்கிக்காரன் தன் பங்குக்குப் பழியை வேறு பக்கம் தள்ளினான். 1868-ல் வெள்ளைக்காரன் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று போட்டான். சிப்பாய்களுக்கு மேகநோய் வராமல் காக்க, பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைத்து வைப்பது. காஞ்சிபுரம் அன்று இருந்த அதே செங்கல்பட்டு ஜில்லாவில், பரங்கிமலை ராணுவ முகாமில் அப்படி ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அந்தச் சட்டத்தில் பதிவு பெண்ணுக்குத்தான், சிப்பாய்க்குப் பதிவேடு கிடையாது. 1888-ல் சட்டம் போனது. ஆனா நோய் எங்க இருக்கும்னு தேடுற கண்ணு மட்டும் மாறவே இல்லை.

நிற்க. 1981 ஜூன் 5-ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு சின்னக் குறிப்பு வெளியாகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நிமோனியா. ஐந்து பேரும் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள். அங்கே கொஞ்ச காலம் ஓரினச் சேர்க்கையாளர் நோய் என்றே பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். 1982-ல்தான் எய்ட்ஸ் என்ற பேர் வந்தது. அங்கே கண் ஒரேயடியாக ஆண்கள் மேல் விழுந்தது. இங்கே நேர் எதிர்.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவிடம் எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கிறதா என்று ஆய்வு செய்யச் சொல்கிறார். 200 ரத்த மாதிரி எடுக்க வேண்டும் என்பது திட்டம். யாரிடமிருந்து? பாலியல் தொழிலாளிகள், ஓரினச் சேர்க்கை ஆண்கள், ஆப்பிரிக்க மாணவர்கள். இந்தப் பட்டியலை முதல்முறை படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் சிநேகிதனைப் போன்றவர்கள் 1986 பட்டியலிலேயே இருந்திருக்கிறார்கள்! ஆனால் நிர்மலா எங்கே போய்த் தேடுவார்? பம்பாய் மாதிரி சென்னையில் தனியாக ஒரு சிவப்பு விளக்குப் பகுதி கிடையாது. பெண்களாவது போலீஸ் பிடித்து அடைத்துவைத்த காப்பகத்தில் இருந்தார்கள். அங்கே போய் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள் எடுத்தார். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார். அவரும் கணவரும் ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய் எலிசா பரிசோதனை செய்ததில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். ஒரு மாணவி பண்ணிய வேலை, நாட்டையே உலுக்கியது. அந்த இருவரையும் நான் குறை சொல்லவில்லை, கும்பிடத்தான் வேண்டும்.

ஆனால் விளைவு என்ன? கையில் கிடைத்தவர்களிடம் தேடினார்கள், அவர்களிடம் இருந்தது. உடனே ஊர் எடுத்துக்கொண்ட பாடம், 'நோய் அவங்ககிட்டதான் இருக்கு.' காப்பகத்தில் தொற்றோடு இருந்த பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். ஷ்யாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990-ல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் விடுதலை. 1868-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து நடந்ததில் தமிழ்நாட்டைப் பெருமையாகவே சொல்லலாம். 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். மற்ற மாநிலங்கள் இதைப் பார்த்துத்தான் தொடங்கின. 1995-ல் வி.எச்.எஸ். மருத்துவமனையின் ஏபேக் திட்டம், நெடுஞ்சாலை லாரி டிரைவர்களிடம் போய்ப் பேசியது. ஆணுறை என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். புள்ளிராஜா அந்த வரிசையில் வந்தவர்தான். ஆனால் அந்தப் பேச்செல்லாம் பெரும்பாலும் பெண்ணிடம் போகிற ஆணை நோக்கியது. பார்த்தால் ஆரோக்கியமாகத் தெரிகிற பெண்ணிடமும் நோய் இருக்கலாம் என்று சொல்லித் தந்தது. அதைக் கேட்டு வளர்ந்த என்னைப் போன்ற ஒரு பையன் என்ன கணக்குப் போடுவான்? அதைத்தான் போட்டேன்.

ஆண்களுக்கு இடையிலான உறவு பற்றி யாருமே பேசவில்லை என்பதில்லை. 1998-ல் சென்னையில் சுனில் மேனன் தொடங்கிய சகோதரன் இந்த வேலையைத்தான் செய்தது. ஆனால் அதைச் சுவரில் எழுத முடியாது. குறுக்கே 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. 1994-ல் திகார் ஜெயிலில் கைதிகளுக்கு ஆணுறை தரக்கூடாது என்று நிர்வாகம் மறுத்தது. கொடுத்தால் குற்றத்துக்கு உடந்தை ஆகிவிடுமாம். 2001 ஜூலையில் லக்னோவில் இந்த ஆண்களிடையே வேலை செய்த சுகாதாரத் தொண்டர்கள் நான்கு பேரைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. ஆபத்து என்ன, எப்படித் தப்பிக்கலாம் என்று சொல்கிறவனே குற்றவாளி. அப்படிப்பட்ட ஊரில் மொட்டை மாடியில் என்னிடம் கேட்காமல் அவன் வேறு யாரிடம் கேட்பான்?

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த உலகத்துக்குள்ளேயே கோத்தி, பந்தி என்று ஆட்களுக்குப் பேர் உண்டு. நடை உடையில் பெண்மை தெரிகிறவர் கோத்தி. அவரோடு உறவு கொள்கிற, மீசை முறுக்கிய 'சாதாரண' ஆம்பளை பந்தி. தொண்டு நிறுவனங்கள் அடையாளம் கண்டு பேச முடிந்தது பெரும்பாலும் கோத்திகளோடு. பந்தி என்று பேர் வைக்கப்பட்டவன் தன்னை அப்படி நினைப்பதே கிடையாது. வீட்டுக்குப் போய் பாவு பிணைக்கிறான், லாரி ஓட்டுகிறான், கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். என் சிநேகிதன் இந்த எந்தப் பேரையும் அன்று கேள்விப்பட்டதில்லை.

இப்போ கதைக்கு வர்றேன். என் பேச்சை முழுசா நம்பாம, அஞ்சாவது நாளே தனியா ஒரு லேபுக்குப் போயிருக்கான். அங்க இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "பொம்பளை சகவாசம் உண்டா?" இவன் "இல்லை"ன்னான். சத்தியமான பதில்! "அப்புறம் எதுக்குய்யா டெஸ்ட்?"னு சிரிச்சுக்கிட்டே ரத்தம் எடுத்திருக்கார். ரிசல்ட் நெகடிவ். இவன் அன்னிக்கு எனக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தான். நானும் வெட்கமில்லாம சாப்பிட்டேன்.

அஞ்சு நாளில் எடுத்த அந்தச் சோதனைக்கு அர்த்தமே கிடையாது. எலிசா தேடுவது கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளை. அது தேறி வர வாரக்கணக்காகும். அந்த இடைவெளியைத்தான் 'விண்டோ பீரியட்' என்கிறார்கள். அன்று மூன்று மாதம், சில இடங்களில் ஆறு மாதம் என்றுகூடச் சொல்வார்கள். இப்போது லேபில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை கிருமியின் ஒரு பகுதியையும் சேர்த்தே தேடுவதால் 45 நாளில் நம்பகமாகச் சொல்லிவிடும். விரலில் குத்தி எடுக்கும் விரைவுச் சோதனை என்றால் 90 நாள் வரை பொறுக்க வேண்டும்.

நாலு வாரம் போனதும் அவனுக்கு ஒரு சின்னப் புண். வலியில்லை. உடம்புச் சூடுன்னு நினைச்சு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சான். அதுவும் தானா ஆறிடுச்சு. என்கிட்ட சொல்லக்கூட இல்லை. ஐப்பசியில பொண்ணு பார்த்தாங்க. தையில கல்யாணம்னு பேச்சு. அப்பதான் அவனுக்குள்ள மறுபடி கிலி பிடிச்சது. நான் வேலை விஷயமா சென்னைக்குப் போய்வந்துக்கிட்டு இருந்தப்போ தெரிஞ்சவங்க மூலமா ஒரு தொண்டர் அறிமுகம். அவர்கிட்ட இவனை இட்டுக்கிட்டுப் போனேன்.

அவர் யார்கூடன்னு கேட்கவே இல்லை. "எப்போ நடந்தது? என்ன செஞ்சீங்க, நீங்க எந்தப் பக்கம்? ஆணுறை இருந்ததா? அதுக்கப்புறம் எங்கயாச்சும் புண்ணு, கட்டி, தடிப்பு வந்துச்சா?" நாலே கேள்வி. மளிகைக் கணக்கு எழுதுற மாதிரி, குரல்ல ஏத்த இறக்கமே இல்லாம. நாலாவது கேள்விக்கு இவன் ரொம்ப நேரம் யோசிச்சு, "ஒண்ணு வந்துச்சு, போயிடுச்சு"ன்னான். அவர் தலையாட்டினார்.

எச்.ஐ.வி. இல்லை. இந்தத் தடவை அஞ்சு மாசம் தாண்டியிருந்ததால நம்பலாம். ஆனா வி.டி.ஆர்.எல். பாசிடிவ். அதாவது சிஃபிலிஸ், நம்ம பறங்கிப்புண். புண் ஆறினா நோய் ஆறினதா அர்த்தமில்லை, ரத்தத்துக்குள்ள போய் உக்காந்துக்கும். தையில கல்யாணம் ஆகியிருந்தா அந்தப் பொண்ணுக்கு, அப்புறம் வயித்துல குழந்தைக்கு. நினைச்சாலே குலை நடுங்குது. அதுக்கு வைத்தியம் என்ன தெரியுமா? பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட். ரெண்டு நாள் உக்கார முடியல, அவ்ளோதான். அப்புறம் மறுபடி ரத்தம் சோதிச்சு, டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான் தாலி கட்டினான்.

புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமான்னு ஊரே கேட்டுச்சு, சரி. அவருக்கு வேற ஏதாச்சும் வருமான்னு ஒருத்தர்கூட கேட்கலையே!

கணக்கு என்றதும் இன்னொன்று. 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, அதுவரை உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைச் சேர்த்து ஒரு தடவைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டது. எதிராளிக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் சிகிச்சையில் இல்லாமல், ஆணுறையும் இல்லாமல் இருந்தால் 10,000 தடவையில் எத்தனை தடவை தொற்றும்? ஆசனவாய் வழி உறவில் வாங்குபவருக்கு 138. கொடுப்பவருக்கு 11. பெண்ணோடு வழக்கமான உறவில் ஆணுக்கு 4. வாய்வழி உறவில் மிக மிகக் குறைவு. இப்போ என் மொட்டை மாடி அருள்வாக்கை இதோடு வெச்சுப் பாருங்க. 'ஆம்பளைன்னா ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னேனே, அச்சு அசலா தலைகீழ். :-(

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 138 என்றாலும் நூற்றில் ஒன்றரைகூட இல்லை. அதுவும் எதிராளிக்குத் தொற்று இருந்தால்தான். 377 வழக்கில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில், இந்தக் குழுவில் தொற்று சுமார் 8 சதவீதம் என்று சொல்லியிருந்தது. பெருக்கிப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரு தடவைக்கு, வாங்குபவருக்கே கிட்டத்தட்ட 900-ல் ஒன்று. எதிராளி புதிதாகத் தொற்றியவராக இருந்தாலோ, இருவரில் ஒருவருக்குப் புண் இருந்தாலோ இது பல மடங்கு ஏறும். அதனால் இது சராசரி மட்டுமே, சோதனைக்குப் பதில் ஆகாது. சிஃபிலிஸ், கொனோரியா எல்லாம் இதைவிட ரொம்பச் சுலபமாகத் தொற்றும், வாய்வழியாகவும். ஒரே ராத்திரியை நினைத்து ஆறு மாதம் செத்துப் பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், கண்டுக்காமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ரெண்டு பேர்கிட்டயும் யாரும் அந்த நாலு கேள்வியைக் கேட்டதில்லை.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 ஏப்ரல் 1-ல் அரசு இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது தாம்பரம் சானடோரியமும் முதல் இடங்களில் ஒன்று. 2009-ல் டெல்லி உயர்நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியது, 2013-ல் உச்ச நீதிமன்றம் திரும்பக் கட்டியது, 2018 செப்டம்பர் 6-ல் தானே அவிழ்த்தது. சரியாக நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 10-ல், 2017-ஆம் வருஷ எச்.ஐ.வி. சட்டம் அமலுக்கு வந்தது. சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. இந்த ரெண்டும் ஒரே வாரத்தில் வந்ததை ஏனோ யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2019-ல் இன்னொரு ஆய்வு. ஒருவருக்குத் தொற்று உள்ள, ஆனால் மருந்தால் கிருமி அடங்கியிருக்கிற 782 ஆண் ஜோடிகள், ஆணுறையில்லாமல் 76,000-க்கும் மேற்பட்ட தடவை. துணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை, பூஜ்யம். நிர்மலா ரயிலில் தூக்கிக்கொண்டு போன காலத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா?

போன வருஷம் சிநேகிதன் போன் பண்ணினான். இப்ப சொந்தமா நாலு தறி வெச்சிருக்கான், ரெண்டு பிள்ளைங்க. அவன்கிட்ட வேலை பார்க்கிற ஒரு பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும், ரெண்டு நாளா தறியில சரியா உக்காரல. இழை இழையா அறுத்துக்கிட்டு இருந்திருக்கான். தனியாக் கூப்பிட்டு விசாரிச்சா, தயங்கித் தயங்கி, "அண்ணே, ஒரு ஆளோட... பொண்ணு இல்லண்ணே..."ன்னு ஆரம்பிச்சு அழுதுட்டானாம்.

"நீ என்னடா சொன்னே?"ன்னேன்.

"எத்தினி மணி நேரம் ஆச்சுன்னு கேட்டேன்."

முந்தாநாள் ராத்திரின்னானாம் பையன். எண்ணிப் பார்த்தா நாப்பது மணி நேரம்கூட ஆகல. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா இருபத்தெட்டு நாள் மாத்திரை இருக்குன்னு இவனுக்குத் தெரியும். அது சீக்கிரம் ஆரம்பிக்க ஆரம்பிக்கத்தான் நல்லது. 1097-க்கு போன் போட்டு விசாரிச்சிருக்கான். பாதி நெய்த சேலையை அப்படியே தறியில விட்டுட்டு பையனை வண்டியில பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டானாம். சாயங்காலத்துக்குள்ள டாக்டரைப் பார்த்து, மாத்திரை கைக்கு வந்துடுச்சு. ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு தடவை, மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்னு காலண்டர்ல ரெண்டு தேதிக்கு வட்டம் போட்டு வெச்சிருந்தான்.

"வி.டி.ஆர்.எல்.லும் சேர்த்துத்தானே?"ன்னு கேட்டேன்.

"போடா, அதை நீ எனக்குச் சொல்றியா?"ன்னான்.